அறுபது மணி நேர செட்டில்மென்ட்

கார்மேகம், செய்கு அலாவுதீனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் ஆயிரத்து எண்ணூற்றைம்பது திர்ஹாம். பதினெட்டு நூறு, ஓர் ஐம்பது. ஆகப் பத்தொன்பது நோட்டு.

கடன் வாங்கியவன் ஒளிவதும் கொடுத்தவர் தேடித் திரிவதும் எல்லா ஊரிலும் உண்டு. துபாய் சத்வாவில் அந்த வருஷம் நடந்ததோ தலைகீழ். வாங்கியவன் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதா மாதம் கடை வாசலில் வந்து நிற்பான். கொடுத்தவர் வாங்க மாட்டார்.

"பாய், எண்ணிக் கொண்டாந்திருக்கேன். வாங்கிக்கிருங்க."

"நான் உனக்கு எந்தக் கையால எண்ணிக் கொடுத்தேன்?"

"வலது கையாலதான் கொடுத்தீக."

"அப்ப எந்தக் கையில வாங்கணும்?"

கார்மேகம் அந்த வலது கையைப் பார்ப்பான். அது அவர் மடியில் கொய்யாக்காய் மாதிரி இறுகிக் கிடக்கும். பிப்ரவரியில் வந்த பக்கவாதம் அவர் காலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது. நாக்கைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அந்த நாக்கிடம் தோற்றுத்தான் போயிருக்கும். ஆனால் வலது கையை மட்டும் முஷ்டியாக மூடி, பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"இடது கை சும்மாத்தானே இருக்கு பாய்?"

"இடது கையால காசு வாங்குறவன் வேற கடையில இருப்பான். டீ குடிச்சிட்டுப் போ."

இதை வீம்பு என்று நினைத்தால் ஆளைத் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் கடையில் யாராவது இடது கையால் நோட்டை நீட்டினால் "மாத்து" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். அரபி வீட்டு டிரைவரும் மாற்றினான், பாங்க் மேனேஜரும் மாற்றினான். பக்கவாதத்துக்குப் பிறகு கல்லாவில் அவர் மனைவி மெஹர்பானு உட்கார்ந்தாள். வியாபாரக் காசை அவள் வாங்கிப் போட்டாள். கடன் அப்படி இல்லை. அது ஆளுக்கு ஆள், கைக்குக் கை. கொடுத்த கையிலேயே எண்ணி வந்து சேர வேண்டும்.

"அந்தப் புள்ள பஸ்ஸுக்குக் கொடுத்த காசே கடனுக்கு மேல போயிருக்கும்" என்பாள் மெஹர்பானு.

"போகட்டும். கணக்கு கணக்குதான்."

செய்கு அலாவுதீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் முயலலாம். கீழக்கரைக்காரர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. படித்தவர்கள் கூட்டல் போடப் பேனா தேடுவார்கள்; இவர் வலது கைக் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். பன்னிரண்டு கணு. அதற்குள் ஒரு லாரிச் சரக்கின் விலை, கழிவு, லாபம், கூலி எல்லாம் வந்து நிற்கும். இருபத்து நாலு வயதில் துபாய் வந்தவர், முதலில் தேராவிலிருந்து ஃபோம் மெத்தைகளைத் தலையில் வைத்துச் சுமந்தார். சுமந்துகொண்டே ஒன்றைக் கவனித்தார்: லேபர் கேம்பில் இரண்டடுக்குக் கட்டில், கடையில் விற்கும் மெத்தையோ அதைவிட நீளம், ஓரம் மடங்கி, ஆள் விழித்துப் புரண்டு சபிக்கிறான். இவர் மெத்தையைக் கட்டிலைவிட நாலு அங்குலம் குட்டையாக வெட்டினார். மிஞ்சிய இடத்தில் செருப்பு, கண்ணாடி, போன் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்! அந்த நாலு அங்குலத்தில் சத்வாவில் ஒரு கடை, அல் கூஸில் ஒரு குடோன், கீழக்கரையில் மாடி வீடு எல்லாம் எழும்பிவிட்டன. இன்றைக்கும் ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலி வரைக்கும் எந்த கேம்பில் எவன் நிம்மதியாகக் குறட்டை விட்டாலும் அதில் பாதிப் புண்ணியம் இவருக்கு.

இவரிடம் வேலை பார்த்து ஊருக்குப் போனவர்கள் பதினேழு பேர். ஒவ்வொருவனுக்கும் சேர்த்து வைத்த லீவுச் சம்பளம், டிக்கெட், வேலை முடிவுப் பணமான செட்டில்மென்ட் எல்லாவற்றையும் வலது கையால் எண்ணிக் கொடுத்து அனுப்பினார். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: எடுக்காத லீவு என்பது காசு. உடம்பு கெஞ்சினாலும் ஒரு நாளையும் செலவழிக்காமல் இரண்டு வருஷம் தேக்கி வைத்து, கடைசியில் மொத்தமாக வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன். பதினேழு கெட்டிக்காரர்களுக்கு எண்ணிக் கொடுத்த செய்கு அலாவுதீனுக்கு மட்டும் யாரும் செட்டில்மென்ட் கொடுத்ததில்லை. முதலாளிக்கு யார் கொடுப்பார்? அந்த ஒரு குறை அவர் மனதில் உட்கார்ந்திருந்தது.

அதுதான் ஜூன் மாதத்தில் வேலையைக் காட்டியது.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு ஓர் அட்டை வந்தது. இந்த நாட்டில் ஊனமுற்றவர் என்று அட்டையில் அச்சடிப்பதில்லை. உறுதி படைத்தவர் என்றே போடுகிறார்கள். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? நான் உறுதியான ஆளுன்னு கவர்மென்டே எழுதிக் கொடுத்திருக்கு!" என்று டீக்கடை, பேன்சிக்கடை, பள்ளிவாசல் படி எல்லா இடத்திலும் அட்டையை நீட்டினார். இடது கையால்தான் நீட்டினார், அட்டை காசில்லையே.

அட்டையைத் தொடர்ந்து ஒரு கடிதம். பழைய வியாபாரக் குடும்பம் ஒன்று நடத்தும் தர்ம நிதியிலிருந்து, அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க அறுபது மணி நேரம் அனுமதி. மணிக்கு முந்நூற்றைம்பது திர்ஹாம். போய் வர வண்டி. அதோடு ஒரு சக்கர நாற்காலி.

நாற்காலியை அவர் வாசலோடு மறுத்துவிட்டார். அறுபது மணி நேரத்தை இடது கைக் கணுக்களில் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இருபத்தோராயிரம் திர்ஹாம்! நாற்பத்து நாலு வருஷம் கழித்து இந்த நாடு தனக்கும் செட்டில்மென்ட் போட்டுவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் ரெக்கை முளைத்தது. உடனே முடிவெடுத்தார்: ஒரு நிமிஷத்தைக்கூடத் தொடக் கூடாது. கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் "அப்புறம்" என்பார். நிதி அலுவலகத்தில் அவர் கோப்பைப் பார்த்தவர் இரண்டு தரம் கூப்பிட்டார், அவருக்கும் "அப்புறம்". பிறகு அந்த ஆள் வேலையை விட்டுப் போனார். கோப்பு புது மேசைக்குப் போயிற்று.

புது மேசை மர்ஜானாவுடையது. அதிராம்பட்டினத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் துபாய். வயது இருபத்தொன்பது. அக்டோபர் கடைசியில் ஒரு காலை, தோளில் லேப்டாப் பையோடு அவள் கடைக்குள் வந்தாள்.

"மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் உங்க சப்போர்ட் கோஆர்டினேட்டர். ஜூன்ல இருந்து நீங்க ஒரு ஹவர்கூட யூஸ் பண்ணலையே? எதாச்சும் ப்ராப்ளமா?"

பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார் அவர். முதுகை நிமிர்த்தினார்.

"வ அலைக்கும் ஸலாம். ஒண்ணுகூட வீணாக்கல மவளே. அறுபதும் அப்படியே முழுசா இரிக்கு. அஞ்சு மாசம்! வேற யாராச்சும் இப்படிச் சேர்த்து வச்சிருக்கானா, சொல்லு பார்ப்போம்?"

"சேர்த்து... வச்சிருக்கீங்களா?"

"பின்ன? செட்டில்மென்ட் டிசம்பர்லயா ஜனவரியிலயா? பேங்க்ல போடுவீங்களா, செக்கா?"

முதலில் சிரித்தது கல்லாவிலிருந்த மெஹர்பானு. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், அப்படியும் அடங்காமல் மேசையில் தலையைச் சாய்த்தாள். மர்ஜானா பையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள், பை குலுங்கியது.

"சாரி மாமா, சாரி. சத்தியமா உங்களப் பார்த்துச் சிரிக்கல."

"வேற யாரு இங்க இரிக்கா?"

அவள் எதிரே ஒரு ஃபோம் கட்டியின் மேல் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். இந்த நிதி அவர் கையில் காசு தராது. அவர் ஒரு மணி நேரம் பயிற்சிக்குப் போனால், கிளினிக் அந்த மணிக்குப் பில் அனுப்பும், நிதி கட்டும். போகாவிட்டால் பில் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு மிச்சம் எல்லாம் நிதிக்கே திரும்பிப் போய்விடும்.

"அப்ப என் இருபத்தோராயிரம்?"

"அது காசா வராது மாமா. கையாத்தான் வரும்."

"முப்பத்தொண்ணு தாண்டினா?"

"கலாஸ். முடிஞ்சது."

அவர் ஃபோம் அடுக்குகளைப் பார்த்தபடி இடது கைக் கணுக்களை இன்னொரு தரம் தொட்டுக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார்மேகம் வந்து நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், அல் கூஸில் இவர் குடோனுக்கு அடுத்த வேர்ஹவுஸில் சுமை வேலை. இரண்டு வருஷம் முந்தி மகள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாளன்று, எழுத்தும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் அந்தப் பத்தொன்பது நோட்டை இவரிடம் வாங்கியவன்.

"பாய், கம்பெனியில விசாவைக் கேன்சல் பண்ணிட்டாக. டிசம்பர் இருபத்தொம்பது ராத்திரி டிக்கெட். இனி திரும்பி வரல. இன்னைக்காச்சும் வாங்கிக்கிருங்க. கடனோட போனா எம் பொண்டாட்டி ராக்கம்மா என்னைய வாசல்லயே நிப்பாட்டிருவா. மக படிச்சதே அடுத்தவுக காசுலன்னு ஆகிப்போகுமில்ல?"

செய்கு அலாவுதீன் மர்ஜானாவைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மடியிலிருந்த முஷ்டியைப் பார்த்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்துவிட்டான். சரக்குக்கு எக்ஸ்பயரி தேதி வந்துவிட்டால் தேக்கி வைப்பவன் முட்டாள், தள்ளுகிறவன்தான் வியாபாரி.

"மவளே, அறுபது மணி நேரம், ஒம்பது வாரம். வாரத்துக்கு ஏழு. ஏழுக்குக் கொஞ்சம் கம்மி. முடியுமா?"

"கிளினிக் எல்லாம் ஃபுல்லா இருக்கும் மாமா. ட்ரை பண்றேன்."

"டேய் கார்மேகம்! இருபத்தொம்பதாம் தேதி, இந்தக் கையிலயே எண்ணி வாங்குறேன். எழுதிக்க."

"மாமா, ப்ராமிஸ் எல்லாம் வேணாம். டாக்டர்கூட அப்படிச் சொல்ல மாட்டார்."

"டாக்டர் சொல்ல மாட்டான். நான் மெத்தைக்காரன், சொல்லுவேன்."

"தொறக்காட்டி?" என்றான் கார்மேகம்.

அதற்கு அவர் டீ சொன்னார்.

மர்ஜானாவின் வேலை என்ன என்பது அவருக்கு அந்த ஒன்பது வாரத்தில்தான் புரிந்தது. பணம் அவள் கையில் இல்லை. வைத்தியமும் அவள் செய்வதில்லை. அனுமதி ஒரு கரையில், ஆள் ஒரு கரையில். நடுவில் இவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீ புரோக்கர்" என்றார்.

"கமிஷன் இல்லாத புரோக்கர் மாமா."

"அது எப்படிப் புரோக்கர்?"

முதலில் ஒரு கிளினிக் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் என்றார்கள். இரண்டாவது வாரம் அவர்களே விடுமுறை விட்ட நாளுக்கும் சேர்த்துப் பில் அனுப்பினார்கள்: நோயாளி வரவில்லையாம்! மர்ஜானா கடையிலேயே உட்கார்ந்து போன் போட்டாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க கேட் அன்னிக்குப் பூட்டியிருந்தது, வாசல்ல இறக்கிவிட்ட வண்டிக்காரர்கிட்ட டைம் போட்ட போட்டோ இருக்கு, பில்லைத் திருத்தி அனுப்புறீங்களா, நான் நிதிக்கு எழுதட்டுமா?" என்று இங்கிலீஷில் தேன் ஒழுகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் திருத்திய பில் வந்தது. மெஹர்பானு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, செய்கு அலாவுதீன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவ முப்பது வருஷம் முந்தி எங்கிட்ட வந்திருந்தா, இன்னைக்கு அல் கூஸ் முழுசும் நம்ம குடோன்தான்!"

"முப்பது வருஷம் முந்தி நான் பிறக்கவே இல்ல மாமா."

"அதுதான் நஷ்டம்."

அடுத்த கிளினிக்கை அவள் பிடித்த விதம் இன்னும் அழகு. நேரம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. எந்த நேரம் காலியாக வீணாய்ப் போகிறது என்று கேட்டாள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று. ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம், மேசையெல்லாம் காலி. அல் கூஸில் குடோனிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி இருந்த அந்த இடத்தில் மதியம் மதியமாக அவருக்கு இடம் போட்டாள். வண்டி அனுமதியையும் அந்த நேரத்துக்கு மாற்றினாள். சக்கர நாற்காலி ஏற்றுகிற வண்டிதான் வரும். அதில் இவர் மகாராஜா மாதிரி கைத்தடியோடு தனியாக உட்கார்ந்து போவார். ஷேக் சாயித் ரோட்டில் பக்கத்துக் காரெல்லாம் திரும்பிப் பார்க்கிறதாக அவருக்குத் தோன்றும்.

பயிற்சி கொடுத்தவன் ஈசா, சூடான் நாட்டு இளைஞன், ஆறடி உயரம், பஞ்சு போன்ற குரல். இவருக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு என்பதால் இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போயிற்று. ஈசா விரல்களை ஒவ்வொன்றாக நீவி விலக்கி, உள்ளங்கைக்குள் ஒரு பிளாஸ்டிக் உருளையைச் செருகினான்.

செய்கு அலாவுதீன் முகம் சுளித்தார். "ஹாஜி, வலிக்கிறதா?" என்று பதறினான் அவன்.

"வலி மாஃபி, இல்ல. இந்தச் சாமான்தான் வலிக்குது. இது என்ன கல்லா? இதைப் பிடிச்சா எந்த விரல் விரியும்? பயந்து இன்னும் சுருளும்."

மறுநாள் அவர் ஒரு பையோடு போனார். முப்பத்திரண்டு டென்சிட்டி ஃபோமில் வெட்டிய ஆறு துண்டுகள்: உருளையாக அரை அங்குலம், முக்கால், ஒன்று, ஒன்றரை, இரண்டு, கடைசியாகக் கை அகலத்துக்கு ஒரு தட்டைப் பலகை. வெட்டியது குடோன் பையன்கள். வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று ஆறு தரம் திட்டியது இவர். அரை அங்குலம் கையில் போனது. ஃபோம் அழுந்தி, மெல்ல எழும்பி, விரலை உள்ளேயிருந்து தள்ளியது. ஈசா குனிந்து பார்த்தான். தன் கையிலும் ஒன்றை வைத்துப் பார்த்தான். ஒரு வாரத்தில் கிளினிக்கிலிருந்து இருபது செட் ஆர்டர் வந்தது.

"மாமா!" என்று போனில் கத்தினாள் மர்ஜானா. "அந்த இன்வாய்ஸை மட்டும் நிதிக்கு அனுப்பிடாதீங்க, ப்ளீஸ். என் வேலையே போயிடும்."

"நோயாளியாப் போய் ஆர்டர் பிடிச்சிட்டு வந்த ஆளு இந்த நாட்டுல வேற எவன்?"

"யாரும் இல்ல மாமா. நீங்க ஒருத்தர்தான்."

அரை அங்குலம் முக்காலாயிற்று, முக்கால் ஒன்றாயிற்று. நவம்பர் நடுவில் ஒன்றரை அங்குலத்தில் வந்து கை நின்றுவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், ஒன்றரையேதான். முப்பத்து நாலு மணி நேரம் கரைந்திருந்தது. அவர் வண்டியில் வரும்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டிரைவர் பயந்துபோய் மெஹர்பானுவுக்குப் போன் செய்தான்.

அந்தச் சமயத்தில்தான் கார்மேகம் பொறுமை இழந்தான். ஒரு மதியம் கிளினிக்குக்கு வந்தான். ஈசா தண்ணீர் குடிக்க எழுந்து போனான். கார்மேகம் சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒரு நூறு திர்ஹாம் நோட்டை நீளவாக்கில் மடித்து, கோயில் உண்டியலில் போடுகிற பயபக்தியோடு அந்தச் சந்தில் நுழைத்தான்.

"டேய், என்னடா பண்றே?"

"உள்ள போயிருச்சு பாய்! இன்னும் பதினெட்டுத்தான். இப்படியே ஒண்ணொண்ணாத் தள்ளிவிட்டுர்றேன்."

"எண்ணாம வாங்கினா கணக்காகுமா? எடுடா அதை!"

கார்மேகம் இழுத்தான். வரவில்லை. முஷ்டி இறுகிவிட்டது. செய்கு அலாவுதீன் மூச்சைப் பிடித்து "விடு, விடு" என்று தன் கைக்கே கட்டளையிட்டார், கை கேட்கவில்லை. ஈசா ஓடி வந்து இழுத்தான். நோட்டின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு வந்த மெஹர்பானு வாசலில் நின்றபடியே சொன்னாள்: "நாப்பது வருஷமா நான் சொல்லிட்டு இரிக்கேன், இந்த மனுஷன் கையில போன காசு வெளிய வராதுன்னு. இப்ப நம்புறீங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஈசாவுக்குத் தமிழ் புரியவில்லை, அவன்தான் அதிகம் சிரித்தான். செய்கு அலாவுதீனும் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்துக் களைத்து உடம்பு தளர்ந்தபோது நோட்டு தானாக நழுவித் தரையில் விழுந்தது.

ஈசா சிரிப்பை நிறுத்தினான். அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தான். மர்ஜானாவுக்குப் போன் போட்டான். விரல் விரியத் தெரிகிறது. மடக்குகிற தசைதான் விடமாட்டேன் என்கிறது. அந்தத் தசையைத் தளர்த்த ஓர் ஊசி உண்டு, டாக்டர் போட வேண்டும், பிறகு இரவில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை வேண்டும். அது அனுமதியில் இல்லை.

மறுநாள் காலை மர்ஜானா கடைக்கு வந்தாள்.

"மாமா, உங்களுக்கு சாங்ஷன் ஆன வீல்சேர் எங்க?"

"வேணாம்னு சொல்லிட்டேன். எனக்கு எதுக்கு சேரு? நடக்குற ஆளு."

அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "அப்ப அந்த அமௌன்ட் இன்னும் செலவாகவே இல்ல! மாமா, முதல் தடவையா நீங்க சேர்த்து வச்சது யூஸ் ஆகப் போகுது."

நாற்காலிக்கு ஒதுக்கியதை ஊசிக்கும் பட்டைக்கும் மாற்றித் தரும்படி எழுதினாள். டாக்டரின் கடிதம் வேண்டும். நேரில் போய் நின்று வாங்கினாள். விரல் எத்தனை அளவு விரிகிறது என்று ஈசாவின் கணக்கு வேண்டும். அவன் அங்குலத்தில் ஃபோம் அளவையே எழுதிக் கொடுத்திருந்தான், அவள் அதை முறைப்படி மாற்றி எழுத வைத்தாள். எதற்காகக் கை திறக்க வேண்டும் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. "என்ன போடட்டும் மாமா? சாப்பிட, சட்டை போட, அப்படித்தான் எழுதுவாங்க."

"கார்மேகத்துகிட்ட வர வேண்டிய காசை வாங்கன்னு எழுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே இங்கிலீஷில் எழுதினாள். தினமும் காலை எட்டரைக்கு நிதி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஆறாம் நாள் அனுமதி வந்தது. கையெழுத்துப் போட்ட அதிகாரி, அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு, காசு கிடைத்ததா என்று தனக்கு ஒரு வரி எழுதும்படி கேட்டிருந்தாராம்.

டிசம்பர் எட்டாம் தேதி ஊசி போட்டார்கள். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் காலை மெஹர்பானு அவர் கையைக் கழுவிவிடும்போது சின்ன விரல் தண்ணீரில் மிதந்தது. "என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டிவிட்டார். இரண்டு அங்குல உருளை போனது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாக மீதியைக் கரைத்தார்கள். இப்போது மர்ஜானா மாலையில் கூப்பிட்டால் அவர் முதலில் சொல்வது, "இன்னைக்கு மிச்சம் ஒம்பதுதான் மவளே! நாளைக்கு ஏழாக்கிருவேன்!" ஐந்து மாதம் அறுபதைக் கட்டிக் காத்த அதே குரலில், அதே பெருமையோடு.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் இரண்டு மணி. அறுபதாவது மணி நேரம். மெஹர்பானு வேலை நாளில் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள்; ஷட்டர் அப்படி இறங்கியது அதுவே முதல் தடவை. கார்மேகம் பெட்டியோடு நேராக கேம்பிலிருந்து வந்திருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, புதுச் சட்டையில். மர்ஜானா சுவரோரம் நின்றாள். ஈசா மேசையைத் துடைத்து, தட்டைப் பலகையை எடுத்து வைத்தான்.

தட்டைப் பலகையில் அந்தக் கை இதுவரை ஒரு தரம்கூட முழுசாகப் படிந்ததில்லை.

"யல்லா, ஹாஜி" என்று ஆரம்பிக்கச் சொன்னான்.

செய்கு அலாவுதீன் முழங்கையை மேசையில் ஊன்றினார். மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தினார், ஈசா சொல்லிக் கொடுத்தபடி. சின்ன விரல் முதலில் எழுந்தது. அடுத்தது. நடுவிரல் யோசித்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஆட்காட்டி விரல் பாதியில் நின்று, நடுங்கி, பிறகு போனால் போகிறது என்கிற மாதிரி நிமிர்ந்தது. புறங்கை பலகையில் படிந்தது. உள்ளங்கை மேலே பார்த்தது. பத்து மாதம் வெயில் படாத வெளுப்பு, நகம் பதிந்த நாலு பிறை.

"கார்மேகம். எண்ணு."

கார்மேகம் விரலை எச்சில் தொட்டான். முதல் நோட்டை வலது கையால் எடுத்து வைத்தான்.

"ஒண்ணு."

"சத்தமா."

"ரெண்டு. மூணு. நாலு."

பன்னிரண்டில் விரல்கள் ஆடத் தொடங்கின. ஓரங்கள் மெல்ல உள்ளே மடங்கின. கார்மேகம் பயந்து வேகமெடுத்தான்: "பதிமூணு பதினாலு பதினஞ்சு..."

"நிறுத்துடா! ஏன் பறக்குறே? அவசரமா எண்ணின காசுல தப்பு வரும். பன்னிரண்டுல இருந்து திரும்ப எண்ணு."

"பாய், கை மூடிக்கிரும் பாய்!"

"என் கை. எனக்குத் தெரியும்."

மெஹர்பானு உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதவிக்கு நீண்ட ஈசாவின் கையை மர்ஜானா பிடித்து நிறுத்தினாள். அவர் கண்ணை மூடினார், அந்தக் காலத்தில் லாரிச் சரக்குக்கு விலை போடும்போது மூடுகிற மாதிரி. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப நிமிர்ந்தன.

அவசரத்தில் வைத்த மூன்று நோட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு, "பதிமூணு" என்றான் கார்மேகம், இந்தத் தரம் அழுகிற குரலில், நிதானமாக. "பதினாலு. பதினஞ்சு. பதினாறு. பதினேழு. பதினெட்டு."

கடைசி ஐம்பதை அவன் சட்டையில் வைத்து நீவி, மடிப்பு எடுத்து, மற்ற நோட்டுகளின் மேல் நேராக வைத்தான். விரிந்த உள்ளங்கையில், நடுங்கும் ஐந்து விரல்களுக்கு நடுவே.

"பத்தொம்பது பாய்."